ஞாயிற்றுக்கிழமைக்கு வந்த பேராமை

என் தம்பிக்கு இளைப்பு. மழைக்காலம் தொடங்கிவிட்டால் அவன் நெஞ்சுக்குள் யாரோ ரம்பம் போடுவது மாதிரி சத்தம் கேட்கும். தூத்துக்குடியில் அவனுக்கு வைத்தியம் சொல்லாத வாயே கிடையாது. தூதுவளைச் சாறு, கண்டங்கத்திரிக் கஷாயம், ஊசி, மாதாவுக்கு நேர்ச்சை என்று அம்மாவும் ஒன்றை விட்டுவைக்கவில்லை. அப்பா தோணியில் கொழும்புக்கும் கொச்சிக்கும் போகிறவர். முக்கால்வாசி நாள் அம்மாவும் தம்பியின் இளைப்பும்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். ஒருமுறை அவனுக்கு உதடெல்லாம் நீலம் பாரித்து, அடுத்த மூச்சு வருமா வராதா என்றாகிவிட்டது. அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்புகூட இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்றைக்கு அம்மாவுக்குப் பிடித்த பயம் அவளை விட்டுப் போகவில்லை.

அப்போதுதான் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், பேராமை ரத்தம், பெரிய கடலாமையின் ரத்தம், கொடுத்தால் சுகமாகும் என்றார். எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிய சங்கதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கடற்கரையில் ஆமை அறுப்பார்கள். நற்கருணை வாங்கிய வாயோடு, வெளுத்த வேட்டி சட்டையோடு, ஆளுக்கொரு தம்ளரைப் பிடித்துக்கொண்டு பெரிய மனிதர்கள் வரிசையில் நிற்பார்கள். மூலத்துக்கு, சளிக்கு, உடம்பில் தெம்பு இல்லாததற்கு, சும்மாவுக்கும்கூட. அந்த ரத்தம் சீக்கிரம் உறைந்துவிடும். சூடு ஆறும் முன்னே குடித்துவிட வேண்டும். வரிசையில் நின்றால் பிள்ளைக்குக் கட்டி கட்டியாகத்தான் கிடைக்கும் என்று சொல்லி, மாமா முழு ஆமையையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். எதையும் அளவாகச் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைவண்டியில் வந்தது. தூக்கி இறக்குவதற்குள் வந்த ஆட்களுக்கு நாக்கு தள்ளிவிட்டது. முற்றத்துப் பூவரசமர நிழலில் மல்லாக்கப் போட்டார்கள். துடுப்பு மாதிரி இருந்த கால் நாலையும் கயிற்றால் கட்டியிருந்தது. எங்கள் வீட்டுக் கட்டிலில் போட்டால் கட்டில் கொள்ளாது, அவ்வளவு பெரிசு. வயிற்று ஓடு மஞ்சள் பூத்து, பழைய தந்தம் மாதிரி இருந்தது. நான் அதுவரை கடலை அலையாகத்தான் பார்த்திருக்கிறேன். அலைக்கு அடியில் இப்படி ஒன்று நீந்திக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

"ஏளா, உப்புத்தண்ணி ஊத்திக்கிட்டே இரு. காயவிட்டுராத. செத்த ஆமை ரத்தம் மருந்துக்கு ஆகாது," என்றார் மாமா என்னிடம்.

ஆக, ஞாயிற்றுக்கிழமைவரை அதை உயிரோடு வைத்திருக்க வேண்டியது என் பொறுப்பு. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் என்ன வேண்டும்? மாமா குடத்தில் கடல் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். நான் சாக்கை நனைத்து அதன்மேல் போட்டு, தலைக்கும் கழுத்துக்கும் கையால் ஊற்றுவேன்.

தம்பிக்கு முற்றத்துக்கு வரத் தடை. ஆனால் சனிக்கிழமை அம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நழுவி வந்துவிட்டான். ஆமையின் முகம் தலைகீழாகத் தெரிந்தது அவனுக்குச் சரிப்படவில்லை. மணலில் அதன் பக்கத்திலேயே தானும் மல்லாந்து படுத்துக்கொண்டு, "இப்ப சரியா தெரியுதுக்கா," என்றான். நானும் அந்தப் பக்கம் படுத்தேன். அதன் கண் பெரிதாக, கறுப்பாக இருந்தது. ஓரத்திலிருந்து கொழகொழவென்று கண்ணீர் வடிந்து மணலில் இறங்கியது.

ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்காது. செத்துவிட்டதோ என்று இன்னும் ஒரு கை தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். பிறகு திடீரென்று கழுத்தை நீட்டி வாயைத் திறந்து, வேலை முடித்துவந்த மனிதன் மாதிரி ஒரு பெருமூச்சு விடும். அவ்வளவுதான். மறுபடி அமைதி. ஒரு மூச்சை வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் ஓட்டுகிறதே என்று தம்பிக்கு ஒரே ஆச்சரியம். மூச்சுக்காகவே நாளெல்லாம் மல்லுக்கட்டுகிற பிள்ளை அல்லவா. அடுத்த மூச்சு எப்போது வரும் என்று காத்துக்கிடந்தான். காத்துக்கிடந்ததில் அவன் நெஞ்சுச் சத்தம் மெல்ல அடங்கியதை நான் கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் மாமாவிடம், ஆமை அழுகிறது என்றேன். அது அழுகை இல்லை, உப்பு வடிகிறது என்றார். கடலில் இந்த மாதிரி எத்தனை இருக்கும் என்று கேட்டேன்.

"கடல்ல எத்தனை குடம் தண்ணி இருக்குன்னு கேக்க மாதிரில்லா இருக்கு," என்று சிரித்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவரும் நம்பினார், ஊரும் நம்பியது. அம்மா மட்டும் விளக்கு வைக்கிற நேரத்தில் தனியாக வந்து அதன் வயிற்று ஓட்டில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்கு வேற வழி தெரியல. எம்பிள்ள மூச்சுக்காகத்தான்," என்று அதனிடம் சொல்லிவிட்டு, ஓட்டின்மேல் சிலுவை போட்டாள். நான் மரத்துக்குப் பின்னால் இருந்தது அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அறுக்கிறவர் வந்தார். கத்தி வைத்த இடத்தை நான் பார்க்கவில்லை. லேஞ்சித் துணியால் முகத்தை மூடிக்கொண்டேன். விலக்கிப் பார்த்தபோது தம்பியின் மூக்கை அம்மா பிடித்திருந்தாள், மாமா தம்ளரைச் சாய்த்துக்கொண்டிருந்தார். குமட்டிக் குமட்டி முழுவதையும் குடித்தான். மிச்சத்துக்கு அக்கம்பக்கத்தார் தம்ளரோடு நின்றார்கள். அம்மா தம்பியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பிறகு கறியைப் பங்கு போட்டார்கள். வேண்டாததையெல்லாம் ஒரு வட்டைப் பாத்திரத்தில் தள்ளியிருந்தது. அதில் ஒன்று அசைந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அதன் இதயம். உடம்பு இல்லை, ஓடு வேறாகக் கிடக்கிறது, இது மட்டும் நிதானமாகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

அறுக்கிறவரிடம், அப்படியானால் இது சாகவில்லையா என்று கேட்டேன்.

"பேராமை லேசுல சாவாது பாப்பா. சாயங்காலம்வரை இப்படியே துடிக்கும்," என்றார் கத்தியைக் கழுவிக்கொண்டே.

சாகவில்லை. அது போதும் எங்களுக்கு. பூவரசம் கொம்பை ஒடித்து மண்ணில் ஊன்றினால் துளிர்க்கிறது, ஆமை மட்டும் வராதா என்று தம்பி கேட்டான். எனக்கும் அது ரொம்ப நியாயமாகப் பட்டது. கொட்டாங்கச்சியில் மிச்சமிருந்த கடல் தண்ணீரை ஊற்றி, இதயத்தை அதில் எடுத்து வைத்து, பெரியவர்கள் கறிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கடற்கரைக்கு ஓடினோம். தம்பிதான் முன்னால் ஓடினான். அலையில் முழங்கால்வரை இறங்கினோம். இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"தாழை கிடக்குற இடமா பாத்துப் போடுக்கா. வளந்தா பசிக்கும்லா," என்றான். கடலுக்கு அடியில் முளைக்கும் புல்லை எங்கள் பக்கம் தாழை என்பார்கள். ஆமைக்கு அதுதான் தீனி. பச்சையாகத் தெரிந்த இடத்தில் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தேன். அலை வாங்கிக்கொண்டது.

வீட்டுக்கும் ஓடியே வந்தான். வாசலில் அம்மா அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். கிட்டே இழுத்து அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். சத்தமே இல்லை. ஒரு தம்ளரில் இப்படிக் குணமா என்று ஊரெல்லாம் சொல்லி அனுப்பினாள். எத்தனை வீட்டில் அதைக் கேட்டு ஆமை வாங்கினார்களோ. வயது ஏற ஏற நிறையப் பிள்ளைகளுக்கு இளைப்பு தானாக விட்டுவிடும் என்று பிற்காலத்தில் ஒரு டாக்டர் சொன்னார். அம்மா அவரிடம் திரும்பப் போகவே இல்லை.

அதன்பிறகு மழைக்கு முன்னால் வருஷா வருஷம் எங்கள் முற்றத்துக்கு ஒரு பேராமை வந்தது. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறிசாக இருந்தது. இப்போதெல்லாம் ரொம்பத் தூரம் போனால்தான் வலையில் விழுகிறது என்று மாமா அலுத்துக்கொள்வார். இழுவைமடிப் படகுகள் தாழையை வேரோடு வாரிக்கொண்டு போன காலம் அது. பிறகு ஆமை பிடித்தால் ஜெயில் என்றார்கள். அதற்குள் கிடைப்பதும் நின்றுபோயிருந்தது. என் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று எத்தனையோ முறை படகில் போயிருக்கிறேன். ஒரு தலைகூட மேலே வரவில்லை.

மாமாவுக்கு ஒரு கட்டத்தில் சலித்துப்போய்விட்டது. பையனுக்குத்தான் சுகமாகிவிட்டதே, இன்னும் எதற்கு என்று கேட்டார். நானும் தம்பியும்தான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்தப் பெரிய மூச்சை இன்னொரு தடவை பக்கத்தில் படுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஆசை. கேட்டுவிட்டு, இதயத்தைக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடுவோம். அது மறுபடி வளர்ந்துவிடும், அதனால் கடலில் ஒன்றும் குறைந்துபோகவில்லை என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வருஷமும் ஒன்று கொண்டுவாருங்கள் மாமா என்று நச்சரிப்போம்.