ஒரே கடையில் செல்லும் காசு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அப்பா கடைசியாகக் கேட்ட ஒன்றுக்கும் எரிந்துதான் விழுந்தேன்.

"நான் போனா நெத்தியில ரெண்டு காசு வைம்மா," என்றார்.

வழிச்செலவுக்கு என்று செத்தவர் எல்லாருக்கும் ஒரு காசுதான் வைப்பார்கள். கூலிம் பேக்டரியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருந்தேன். "அங்க போயும் உங்களுக்குக் கூட்டிக் கொடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. ஜப்பான்காரன் வந்து ஆண்ட காலத்தில், கோலா கெத்தில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தன் ஐந்து வயதுத் தங்கச்சி காய்ச்சலில் செத்துப்போன கதையைச் சொன்னார். அப்போது சில்லறையைக் கண்ணிலேயே காண முடியாதாம். இருந்த செம்புக்காசை ஆளாளுக்குப் பதுக்கிவிட்டார்கள். தோட்டத்துக்கு வெளியே இருந்த சீனர் கடையில், மீதிச் சில்லறைக்குப் பதிலாகத் தகரத்தை வட்டமாக வெட்டி, கடை முத்திரை குத்திக் கொடுப்பார்கள். திருப்பிக் கொண்டுபோனால் அந்தக் கடையில் உப்பு வாங்கலாம், புகையிலை வாங்கலாம். ரோட்டைத் தாண்டினால் வெறும் தகரம். வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது. தாத்தாவைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போயிருந்ததால், தங்கச்சி நெற்றியில் அதை வைத்தது எட்டு வயது அப்பாதான்.

"செல்லாக் காசை வச்சு அனுப்பிட்டேன். எங்க நின்னுக்கிட்டு இருக்காளோ. ஒண்ணு அவளுக்கும்மா."

கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து அவர் பக்கத்தில் நகர்த்தினேன். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "சரி சரி, வைக்கிறேன். கஞ்சியைக் குடிங்க மொதல்ல," என்றேன். யாரிடமும் இதைச் சொல்லவும் இல்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் இருந்தார். இரண்டு காசை எடுத்து வைக்க இந்த மகாராணிக்கு நேரமில்லை.

சடங்கு செய்கிறவர் நெற்றிக்காசு கேட்டபோது என் பையில் கார்டும் போனும்தான் கிடந்தன. வந்திருந்தவர்கள் எல்லாரும் பாக்கெட்டைத் தடவினார்கள். கச்சான் கடலை வாங்கினாலும் போனை நீட்டுகிற காலம், யாரிடம் காசு இருக்கும்? தம்பி காரைக் குடைந்து ஒரே ஒரு இருபது காசைக் கொண்டுவந்தான். இன்னொன்று வேண்டும், கடைக்கு ஓடு என்றேன்.

"வேன் நிக்குது, தகனத்துக்கு நேரமாச்சு. ஒண்ணு போதும்லா அக்கா, எல்லாருக்கும் ஒண்ணுதானே."

ஒன்றைத்தான் வைத்தேன். அப்பாவை எனக்குத் தெரியும். அதைத் தங்கச்சி கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, அவர்தான் நின்றுகொண்டிருப்பார்.