கொத்தனாருக்குப் பை வேண்டாமா

நாற்பத்தாறு வயதில் பக்தைக்குக் கண் மங்கத் தொடங்கியது. பக்தை என்பது அவள் பெயரல்ல. பாபினில் நூல் சுற்றும்போதுகூட ஆண்டவனிடம் பேசிக்கொண்டே இருந்ததால் தையல் கூடத்தில் வைத்த பட்டம். ஊசிக் காதில் நூல் கோர்ப்பதற்குள் அவளுக்குப் பாதி காலை போய்விடும். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னவர்களிடம், "எனக்கென்ன வயசாயிடுச்சா?" என்று சண்டைக்குப் போனாள்.

ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால், ஊசிமெத்தையில் பன்னிரண்டு ஊசிகளும் நூல் கோர்த்தபடி நின்றன. மறுநாளும் அப்படியே. முந்தின வாரம் கண்ணுக்காக வேண்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது, மெய்சிலிர்த்துப் போனாள். நீல வேலை இருக்கும் நாளில் நீல நூல், வெள்ளை வேலை இருக்கும் நாளில் வெள்ளை நூல். அன்றைய ஆர்டர் என்னவென்று ஆண்டவனுக்குத் தெரிந்திருக்கிறதே என்று அக்கம்பக்கத்து மேசைக்காரிகளுக்கு உபதேசம் வேறு செய்தாள். ஐந்து மாதம் இந்த அற்புதம் நடந்தது. பிறகு எதிர் மேசை ஜரிகை அண்ணன் பல்வலி என்று மூன்று நாள் லீவு போட்டார். அந்த மூன்று நாளும் ஊசிகள் வெறும் காதோடு நின்றன. ஆண்டவனுக்கும் அதே நாளில் பல்வலி வந்திருக்காது என்று யோசிக்கும் அளவுக்கு அவளுக்குப் புத்தி இருந்தது.

நாலாம் நாள் கண்ணாடியோடு வந்தாள். அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவ்வளவுதான். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, வெட்கத்தில் அவளும் எடுக்கவில்லை.

ஜரிகை அண்ணன் ஒல்லியான ஆள். பொன்னிற, வெள்ளி நிறக் கம்பி நூலைச் சுருள் சுருளாக வெட்டி, மணி கோர்ப்பதுபோல் கோர்த்துத் துணியில் பதிப்பது அவர் வேலை. பேண்டு வாத்தியக்காரர்களின் தோள்பட்டை, பள்ளிக்கூடச் சின்னம், சங்கக் கொடி எல்லாம் அவர் கையில்தான் மினுங்கும். மனைவி போனபின் மகளைத் தனியாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் மூன்று பேசுவார், அதில் ஒன்று கிண்டலாக இருக்கும். பக்தை மூன்று பேச வேண்டிய இடத்தில் முந்நூறு பேசுவாள். இரண்டு மேசைக்கும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு சரியாக வந்தது.

அந்த வருஷம் ஒரு புது ஆர்டர் வந்தது. சீட்டில் "மேசன் சங்கம், ஏப்ரன் ஒன்பது" என்று எழுதியிருந்தது. எட்டு ஏப்ரன் துணியில், ஒன்று மட்டும், புதிதாகப் பதவியேற்கும் தலைவருக்கு, வெள்ளை ஆட்டுக்குட்டித் தோலில். மேசன் என்றால் யார் என்று பக்தை முதலாளியம்மாவிடம் கேட்டாள். போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்த முதலாளியம்மா, "கொத்தனார்தாம்மா" என்று சொல்லிவிட்டுத் திட்டைத் தொடர்ந்தார்.

பக்தையின் தம்பி கொத்தனார். ஆகவே அந்தத் தொழிலைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவள் எண்ணம். அண்ணன் துணியில் தைத்த காம்பஸையும் மூலைமட்டத்தையும் பார்த்ததும் எண்ணம் உறுதியானது. நடுவில் இருந்த ஆங்கில எழுத்து மட்டும் புரியவில்லை.

"அது என்னண்ணா, ஜி?"

"கடவுள்னு சொல்றாங்க. கணக்குன்னும் சொல்றாங்க."

"ரெண்டுல எது?"

"எனக்கு ரெண்டுமே வராது தங்கச்சி."

கடவுளையும் கணக்கையும் இடுப்பில் கட்டிக்கொண்டு வேலை செய்யும் கொத்தனார்கள் மேல் அவளுக்குப் பெரிய மரியாதை வந்தது. கூடவே இரக்கமும் வந்தது. இவ்வளவு அலங்காரம் செய்கிறார்கள், பென்சில் வைக்க ஒரு பை இல்லையே! தம்பி ஒரு நாளைக்கு மூன்று பென்சில் தொலைப்பான். தூக்குக் குண்டின் நூலை வாயில் கவ்விக்கொண்டு சாரம் ஏறுவான். உள்பக்கம் லைனிங் தைப்பதுதான் அவள் வேலை. யாரையும் கேட்காமல், பென்சிலும் குண்டும் நிற்கிற அளவுக்கு ஒடுக்கமாக, நீளமாக ஒரு பையை வைத்துத் தைத்தாள். தலைவருக்கு முதல் மரியாதை என்று தோல் ஏப்ரனிலிருந்தே தொடங்கினாள்.

ரிப்பன் வைக்க அதைக் கையில் எடுத்த அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளைத் தோலின் முன்பக்கத்தில் இரண்டு கோடாகத் தையல் தெரிந்தது. துணியென்றால் பிரித்துவிடலாம். தோலில் ஊசி போன துளை போனதுதான், மூடாது.

"இது என்ன தங்கச்சி?"

"பைண்ணா. கொத்தனாருக்குப் பை வேண்டாமா? இல்லாம எப்படி சாரத்துல ஏறுவாங்க?"

"இவங்க சாரத்துல ஏற மாட்டாங்க."

"ஓ, கீழ நின்னு வேலை வாங்குற மேஸ்திரிங்களா?"

"பேருக்குத்தான் மேசன், இது ஒரு ரகசியச் சங்கம். இவங்க செங்கல்லையே தொட்டதில்லம்மா. ஒருத்தர் வக்கீல், ஒருத்தர் மருந்துக்கடை. மாசத்துக்கு ஒரு தடவை கதவைச் சாத்திக்கிட்டு, இதைக் கட்டிக்கிட்டு உள்ள நிப்பாங்க."

"நின்னு?"

"அது தெரியணும்னா உள்ள விடணுமே. நான் வேற கடையில இருந்தப்பலேருந்து இருபத்தாறு வருஷமா தைக்கிறேன். பார்சலோட பக்கவாசல் வரைக்கும்தான் போயிருக்கேன்."

பக்தைக்கு அப்போதுதான் விபரீதம் புரிந்தது. போன வாரம்தான் பேண்டுக் கோட்டில் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்திருந்தாள். இன்னொரு தப்பு நடந்தால் மேசையைக் காலி பண்ணிக்கொண்டு போகலாம் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். முதுகு ஒடிந்து படுத்திருக்கும் கணவனோடு வீடே அந்த மேசையை நம்பித்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளியம்மாவே வந்து நின்றார்.

"யார் பண்ணின வேலை இது?"

"நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றார் அண்ணன்.

"இத்தனை வருஷமா தைக்கிறவருக்கு இதுகூடத் தெரியாதா? சனிக்கிழமை பதவியேற்பு. வேற தோல் வரப் பத்து நாள் ஆகும். வெள்ளிக்கிழமை அந்தத் தலைவர் அளவு பாக்க வர்றாரு. வேணாம்னு சொல்லிட்டாருன்னா, நீங்க வேற கடை பாத்துக்கங்க."

பக்தை வாயைத் திறந்தாள். ஆண்டவனே என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை.

அதற்குப் பிந்தைய ஒன்றரை நாள் அவள் செய்த பிரார்த்தனையை ஒரு ஊர் முழுக்கச் சேர்ந்து செய்திருக்க முடியாது. முதலாளியம்மாவுக்கு மறதியைக் கொடு என்று கேட்டாள். அந்தத் தலைவருக்குக் கண்ணை மங்கவை என்றுகூடக் கேட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குத் தைரியத்தைக் கொடு என்று தொடங்கி, கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து பாதியில் பேச்சை மாற்றினாள். உண்மையைச் சொல்வதைத் தவிர மற்ற எல்லா வழியையும் ஆண்டவனுக்கு எடுத்துக் கொடுத்தாள். எதிரில் அண்ணன் எப்போதும்போல் தலை குனிந்து ஜரிகை பதித்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டாள். அவர் முகம் தெளிவாகத் தெரியாமல் இருந்தால் கொஞ்சம் நிம்மதி.

வெள்ளிக்கிழமை தலைவர் வந்தார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல தொந்தி. முதலாளியம்மா ஏப்ரனை விரித்து, குரலைத் தாழ்த்தி, "ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு சார். இவருதான்..." என்று ஜரிகை அண்ணனைக் காட்டினார்.

"நான்தாங்க!"

அது தன் குரல்தான் என்பது பக்தைக்கே அப்புறம்தான் தெரிந்தது. போட்ட சத்தத்தில் எல்லாத் தையல் மெஷினும் நின்றுவிட்டது. "நான்தாங்க தைச்சேன், கொத்தனாருன்னு நினைச்சுட்டேன், அண்ணன் எனக்காகப் பொய் சொன்னாரு, என்னை அனுப்பிடுங்க, அவரை விட்டுடுங்க" என்று மூச்சு விடாமல் கொட்டினாள்.

முதலாளியம்மா அசரவில்லை. "தெரியும். இந்தக் கோணல் தையல் அவர் கையில வருமா? நீயா சொல்றியான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

இத்தனை மாதமாகத் தன் தையல் நேர்கோடு என்று நம்பியிருந்த பக்தைக்கு, வேலை போவதைவிட இது அதிகமாக வலித்தது.

இதற்கிடையில் தலைவர் பைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒரு பேப்பரைச் சுருட்டி வச்சா இதுல நிக்குமா?" என்று கேட்டார்.

"பென்சிலே நிக்கும் சார்."

"நாளைக்கு எட்டுப் பக்கம் பாக்காம ஒப்பிக்கணும். மூணாம் பக்கத்துக்கு மேல எனக்கு ஓட மாட்டேங்குது." முதலாளியம்மா பக்கம் திரும்பினார். "பை இருக்கட்டும். முன்னாடி தெரியற கோட்டை மட்டும் மறைச்சிடுங்க. வெளிய யாருக்கும் சொல்ல வேண்டாம்."

அண்ணன் ஏப்ரனை வாங்கினார். முன்பக்கம் இரண்டு பக்கமும் தொங்கவிடும் நீல ரிப்பன்களை ஒரு விரற்கடை உள்ளே தள்ளி வைத்தார். தையல் கோடு இரண்டும் ஒரு ரிப்பனுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. வெள்ளிச் சங்கிலிக் குஞ்சங்கள் மேலே ஆடின. வாடிக்கையாளரே வாய் நிறையச் சிரித்துக்கொண்டு போனபிறகு யாரை அனுப்புவது? முதலாளியம்மா, "போய் வேலையைப் பாருங்க ரெண்டு பேரும்" என்றார். அன்று மாலை பக்தை ஆண்டவனுக்கு நீளமாக நன்றி சொன்னாள். அண்ணனுக்குச் சொல்ல வெட்கம் விடவில்லை.

அந்த வெட்கம் நாலு வருஷம் ஓடியது. பிறகு மகள் வெளியூரிலிருந்து கூப்பிட்டாள் என்று அண்ணன் வேலையை விட்டார். பஸ் ஏற்றிவிடப் பக்தை போனாள். அடுத்த வருஷம் அவர் காலமான செய்திதான் வந்தது. அதனால் அதுவே அவரைக் கடைசியாகப் பார்த்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தபிறகு, இனி தப்பித்து ஓட இடமில்லை என்று பக்தைக்குத் தோன்றியது.

"அண்ணா, அந்த ஒன்றரை நாள் நான் வாயைத் திறக்கல. மன்னிச்சிடுங்க."

அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பஸ் உறுமத் தொடங்கியிருந்தது.

"நீ எங்க வாயை மூடின? முணுமுணுன்னு சாமிகிட்ட பேசிக்கிட்டேதான இருந்த? அதைக் கேட்டுக்கிட்டே தைச்சதுல, ஒரு ஏப்ரனோட மேல் மடிப்புல நான் ஜரிகையில வச்ச கண்ணு மாறுகண்ணாப் போச்சு. எல்லாத்தையும் பாக்குற கடவுளோட கண்ணாம் அது! அதைக் கட்டிக்கிட்டு ஒருத்தர் இன்னும் அந்தச் சங்கத்துல நின்னுக்கிட்டு இருக்காரு. நான் இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்கல தங்கச்சி. நீயும் அன்னைக்கு மாதிரி கத்திடாத."