அளக்கும் முனையில் சந்தனம்

இனாயத் ஆப்கானிஸ்தானிலிருந்து சென்னைக்கு இன்ஜினியரிங் படிக்க வந்தவர். படிப்பு முடிந்தபோது ஊர் திரும்பும் நிலைமை இல்லை. அடையாறில் அறை எடுத்துத் தங்கி, கிண்டி தொழிற்பேட்டையில் பம்பு பாகங்கள் செய்யும் எங்கள் கம்பெனியில் சேர்ந்தார். நான் அங்கே பிசிறு தேய்க்கிறவள். கடைந்து வரும் பாகத்தின் கூரான ஓரங்களை அரத்தால் மழுக்குவேன்.

முதலாளி ராஜகோபாலன் மயிலாப்பூர்க்காரர். இனாயத்தை மாடியில் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து வரைபடம் போடச் சொன்னார். இனாயத்துக்கோ கீழே மெஷினில் நிற்கத்தான் ஆசை. சாப்பாட்டு நேரத்தில் இறங்கி வந்து ஃபோர்மேன் பாண்டுரங்கனின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். தமிழும் அவரிடம்தான் கற்றார்.

கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானே கடையும் புதிய லேத் மெஷின் வந்தபோது, இனாயத் முதலாளியிடம் கேட்டுக் கேட்டு அதை ஓட்டும் வேலையை வாங்கிக்கொண்டார்.

"தீபாவளி வரைக்கும் பாக்கறேன். சரிப்படலேன்னா மாடிக்கே போயிடணும்" என்றார் முதலாளி.

ஆயுத பூஜை வந்தது. அவரவர் மெஷினை அவரவரே துடைத்துப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். இனாயத் தன் மெஷினை யாரையும் தொடவிடவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு மெஷின் கதவைத் திறந்து அதன் உள்ளேயும் புகுந்துவிட்டார்.

மறுநாள் காலை ஓட்டிய முதல் பாகமே அளவு தப்பியது. இரண்டாவதும் அப்படித்தான். மெஷினை நிறுத்திவிட்டார்.

"மெஷின்லதான் கோளாறு. வித்தவனைக் கூப்புடு" என்றார் பாண்டுரங்கன்.

இனாயத் டார்ச்சோடு உள்ளே குனிந்தார். வெட்டும் உளியின் நீளத்தை அளக்க உள்ளே ஒரு சின்ன முனை உண்டு. உளி அதைத் தொட்டால்தான் மெஷினுக்கு அளவு தெரியும். அந்த முனையைத் தடவிவிட்டுக் கையை வெளியே எடுத்தபோது அவர் விரலில் காய்ந்த சந்தனம்.

நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். துடைத்துவிட்டுப் பேசாமல் ஓட்டியிருக்கலாம். பழி மெஷினை விற்றவன் மேல் போயிருக்கும். நான் தலையைக் குனிந்து அரத்தை எடுத்துக்கொண்டேன்.

அவர் நேரே மாடிக்குப் போய் முதலாளியை அழைத்துவந்தார்.

"நான்தான் சார் வெச்சேன். எல்லா எடத்துலயும் வெக்கணும்னு நெனச்சேன்."

"இன்னா நைனா நீ, நெத்தில வெக்க சொன்னா கண்ணுலயே அப்பிக்கீறே" என்றார் பாண்டுரங்கன். எல்லோரும் சிரித்தார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. "மெஷினை யார் நிறுத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். ரெண்டாவதும் தப்பா வந்துது. நிறுத்திட்டேன்."

முதலாளி கெட்டுப்போன பாகத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாடிக்கு வேற ஆள் பாத்துக்கறேன். நீ அதைத் தொடச்சுட்டு ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

மதியம் இனாயத் மாடியிலிருந்து தன் டிபன் பாக்ஸை எடுத்துவந்து எங்கள் பெஞ்சில் வைத்தார். நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.