கோயில் வாசலில் டோக்கன் அக்கா

“வாங்க, வாங்க. இருமல் விட்டுச்சா? விடலையா? அப்ப ஜன்னல் பக்கம் போங்க. நடுவுல உக்காந்தா ஃபாதர் பிரசங்கத்தைவிட உங்க சத்தம்தான் தூக்கலா இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிப் பூசைக்கு ஆறரைக்கே கோயில் வாசலின் மேல்படியில் டோக்கன் அக்கா வந்து நின்றாயிற்று. ஒரு கையில் பாட்டுத்தாள் கட்டு. மறு கை சும்மா இருக்காது. வருகிறவர் முதுகில் பதிந்து மெல்ல உள்ளே அனுப்பிவிடும். இது வரவேற்பா, தள்ளுவதா என்று கேட்டால் இரண்டும்தான்.

வாரத்தில் ஆறு நாள் அவர் ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறார். பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. கோயில்வரை கூடவே வந்துவிட்டது. யாருக்கு எங்கே வலி என்பது டாக்டருக்குக்கூட மறந்து போகும், இவருக்கு மறக்காது. கோயிலில் யார் எங்கே உட்காருவது என்பதையும் அந்த ஞானத்தை வைத்துத்தான் தீர்மானிப்பார். சர்க்கரைக்காரருக்கு பெஞ்சின் ஓரம். பாதிப் பூசையில் எழுந்து ஓட வேண்டுமே. முழங்கால் தேய்ந்தவருக்குத் தூணின் மறைவு. முழந்தாளிடாமல் உட்கார்ந்தே இருந்தாலும் பீடத்திலிருந்து தெரியாது. காது மந்தமானவருக்கு ஒலிபெருக்கிக்கு நேர் கீழே. வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷன் பெண்டாட்டியை நடையிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஒரே பெஞ்சில்தான் உட்கார வைப்பார். நடுவில் யாராவது ஒரு குண்டு ஆளை வைப்பார்.

புதிதாக ஒருவர் தயங்கித் தயங்கிக் கடைசி பெஞ்சைப் பார்த்தால் விடமாட்டார். “முதல் தடவையா? ரொம்ப சந்தோஷம். ரெண்டாவது வரிசைக்குப் போங்க. கடைசி பெஞ்ச் எங்க ஆளுங்களுக்கே பத்தல.”

ஒரே ஒரு குறை. எதையும் ரகசியமாகத்தான் சொல்வார். அந்த ரகசியம் மூன்று பெஞ்சுக்குக் கேட்கும். “உங்களுக்கு ஓரம்தானே? அடக்க முடியாதுல்ல?” என்று அவர் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரின் காதில் ஓதியபோது பாடகர் குழுவில் இரண்டு குரல் பாதியில் அறுந்து போனது. ஆனாலும் கோபித்துக்கொண்டு யாரும் வராமல் இருந்ததில்லை. வராவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக் கதவைத் தட்டி, “உங்க இடம் பல்லு விழுந்த மாதிரி காலியா இருக்கு, பாக்க நல்லாவா இருக்கு?” என்று கேட்கிற ஆளும் அவர்தானே.

இப்படி உலகத்தையே வாங்க வாங்க என்று அழைக்கிற வாய், ஒரே ஒருவருக்கு மட்டும் ஆறு வருஷமாகத் திறக்கவில்லை. அவருடைய நாத்தனாருக்கு. வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா.

ஆறு வருஷத்துக்கு முன் டோக்கன் அக்கா புது வீட்டுக்குக் குடி போனபோது ஃபாதரை அழைத்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்தார்கள். நாத்தனார் வாசலுக்கு வந்த நேரம் பார்த்து இவர் முக்காலிமேல் ஏறித் திரைச்சீலையை மாட்டிக்கொண்டிருந்தார். வாயில் நாலு ஊக்கு. அதனால் தலையை மட்டும் ஆட்டினார். அவ்வளவுதான் விஷயம்.

“தெருவுல போறவனையெல்லாம் வாங்கன்னு சொன்னா. என்னைப் பாத்துத் தலையை ஆட்டுறா! ஆடு மாடுகூடத்தான் ஆட்டும்” என்று நாத்தனார் வாசலோடு திரும்பிவிட்டார்.

“ஊக்கை முழுங்கிட்டா வாங்கன்னு சொல்றது? முதல்ல அவங்க வரட்டும். வந்தாத்தானே வாங்கன்னு சொல்ல முடியும்?” என்பது இவர் கட்சி.

“கூப்பிட்டாத்தானே வர முடியும்?” என்பது அவர் கட்சி.

நடுவில் அகப்பட்ட வீட்டுக்காரர், அக்கா வீட்டில் காலைச் சாப்பாடும் தன் வீட்டில் ராத்திரிச் சாப்பாடும் சாப்பிட்டு, இரண்டு இடத்திலும் சாப்பிட மட்டுமே வாயைத் திறந்து, உடம்பு பெருத்துப் போனார்.

நாத்தனார் லேசுப்பட்டவர் இல்லை. நல்ல தையல்காரி. பீடத்தில் விரிக்கும் துணி, ஃபாதரின் அங்கி எல்லாம் அவர் கைவேலை. ஞாயிறுதோறும் இஸ்திரி போட்ட துணியோடு பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து, அதே வழியாகப் போய்விடுவார். முன்வாசலில் நிற்கும் தம்பி பெண்டாட்டி முகத்தில் விழிக்க வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை.

பங்குத் திருவிழா அதைக் கெடுத்தது.

விழாவுக்கு முந்தின வாரம் ஃபாதர் இவரைக் கூப்பிட்டு அனுப்பினார். “அக்கா, ஆயர் வர்றாரு, நம்ம பிஷப்பே வர்றாரு. வெளியூர்லேர்ந்து விருந்தாளிங்க வர்றாங்க. பக்கவாட்டுக் கதவுக்குப் பெயின்ட் அடிக்கிறோம், அதனால எல்லாரும் முன்வாசல்லதான் வரணும். எல்லாரும்னா எல்லாரும்.”

“வரட்டும் ஃபாதர். வாசல் என்ன எங்க அப்பா வீட்டுதா?”

“உங்க நாத்தனார் சொல்லி அனுப்பியிருக்காங்க. வாங்கன்னு கூப்பிடலேன்னா புதுப் பீடத்துணியோட அப்படியே வீட்டுக்குத் திரும்பிடுவாங்களாம். வாசல்லேர்ந்து ஒரே ஒருத்தர் திரும்பிப் போனாலும் சரி, அடுத்த ஞாயிறு அந்தப் படியில தபால்காரர் நிப்பாரு.”

ஓய்வுபெற்ற தபால்காரருக்கு அந்தப் படிமேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகுவதாகக்கூடப் பேச்சு.

“அவரா? கதவைத் தட்டிட்டுப் போய்ப் பழகினவரு ஃபாதர். உள்ள கூட்டிட்டு வரத் தெரியுமா அவருக்கு?” என்று இவர் சிரித்தார். ஆனால் அந்த வாரம் முழுக்க கிளினிக்கில் டோக்கன் எண்களை மாற்றி மாற்றிக் கொடுத்தார். பல்வலிக்காரர் ஒருவர் பிரசவத்துக்கு நாள் குறிக்க வந்தவர்களின் வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

விழா நாளும் வந்தது. கோயில் நிறைந்துவிட்டது. முற்றத்தில் ஆயரும் ஃபாதரும் பவனிக்குத் தயாராகிறார்கள். உள்ளே பீடம் துணியில்லாமல் வெறும் கல்லாக நிற்கிறது. அப்போது நாத்தனார் வந்தார். பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் புதுத் துணியை ஒரு கையில் ஏந்தி, கீழ்ப்படிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். பின்னால் கஞ்சி போட்ட சட்டையில் தபால்காரர்.

டோக்கன் அக்கா நாத்தனாரின் தலைக்கு மேலாகப் பார்த்துக் கணீரென்று சொன்னார்: “வாங்க! வாங்க!”

“இது எனக்கா, அவருக்கா?” என்றார் நாத்தனார்.

“யாருக்கு வேணுமோ எடுத்துக்கலாம்.”

தபால்காரர் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போனவர் வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

“எனக்குப் பொதுவுல வேணாம். தனியா வேணும்” என்று நாத்தனார் சொன்னார். “இல்லேன்னா இப்படியே போறேன்.”

வீட்டுக்காரரைக் காணவில்லை. வண்டிகளை ஒழுங்குபடுத்தப் போயிருந்தார். அங்கே இருந்தது மொத்தம் இரண்டு வண்டி. மணி அடிக்க ஆரம்பித்தது. தபால்காரர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

டோக்கன் அக்கா சூடாகப் பதில் சொல்ல வாயைத் திறந்தவர், சட்டென்று நாத்தனாரின் காலைப் பார்த்தார். உடம்பின் பாரம் முழுக்க இடது காலில். வலது குதிகால் தரையில் பதியவே இல்லை. உதட்டில் வீறாப்பு, நெற்றியில் வியர்வை. இந்த நிற்பைக் கிளினிக் வாசலில் அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். நாத்தனாரை மட்டும் அங்கே பார்த்ததில்லை. இவரிடம் டோக்கனுக்குக் கை நீட்ட வேண்டுமே. பக்கவாட்டுக் கதவுக்குப் படியே கிடையாது என்பது இவருக்கு அப்போதுதான் உறைத்தது.

‘முட்டி போயிடுச்சா அண்ணி?’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தன் வழக்கமான ரகசியக் குரலில் அதை விட்டால் போதும். தபால்காரருக்குக் கேட்கும், மூன்று பெஞ்சுக்குக் கேட்கும், முற்றத்தில் ஆயருக்கும் கேட்கும். ஆறு வருஷத்து வழக்கு அந்த இடத்திலேயே இவர் பக்கம் தீர்ந்துபோகும்.

டோக்கன் அக்கா அதை மென்று விழுங்கினார். பாட்டுத்தாள் கட்டை அப்படியே தபால்காரரின் கையில் திணித்துவிட்டு, யாருக்காகவும் இறங்காத அந்த மூன்று படியையும் இறங்கினார். நாத்தனாரின் பக்கத்தில், வலது காலை மறைத்தாற்போல் நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

“வாங்க அண்ணி. இது தபால்காரருக்கு இல்ல. உங்களுக்குத்தான். தனியா.”

நாத்தனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, போனால் போகிறது என்பதுபோல் ஒரு கையை அவர் தோளில் வைத்தார். வைத்த கை தோளை இறுகப் பிடித்துக்கொண்டது. ஒரு படி ஏறினார். நின்று மூச்சு வாங்கினார்.

“இன்னொரு தடவ சொல்லு. மணிச் சத்தத்துல சரியா கேக்கல.”

“வாங்க அண்ணி.”

இரண்டாவது படி. பின்னால் பவனி கிளம்பி வந்து முட்டி நின்றது. ஃபாதர் இருமினார்.

“இன்னும் ஒரு படி இருக்கு” என்றார் நாத்தனார்.

டோக்கன் அக்கா திரும்பிப் பார்க்காமலே, கொஞ்சம் பொறுங்கள் என்று இடது உள்ளங்கையை ஆயருக்குக் காட்டிவிட்டு, “வாங்க அண்ணி” என்று தோளை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார்.