மண்ணுக்குப் போகாத துண்டு

பொம்பளை மார்பு சமாச்சாரத்தைப் பத்திரிகைக்கு எழுதுவதா என்று கூச்சப்பட்டே பல வருடம் தள்ளிப்போட்டேன். 2001-ல், ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த வாரம், தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது இது. நாங்கள் கம்பத்துக்காரர்கள்.

எனக்கு இடது மார்பில் கட்டி. கடைசிப் பிள்ளைக்குப் பால் மறக்கடித்தபோது பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினோமே, அப்போது வற்றாமல் நின்ற பால்தான் கட்டிக்கொண்டது என்று நானாக நினைத்திருந்தேன். புற்று என்றார்கள். மார்பையே எடுக்க வேண்டுமாம். உடம்பிலிருந்து அறுத்ததை அடக்கம் செய்வது எங்கள் வழக்கம். அதற்கு வெள்ளைத் துணிகூட மாமியார் கொண்டுவந்திருந்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா ஒருவர் வந்து, கட்டியில் புளியங்கொட்டை அளவு தருவீர்களா என்று கேட்டார்.

"அதை வச்சு என்ன செய்வீக?" என்றார் மாமியார்.

"அரைச்சு, அதுல என்னென்ன இருக்குன்னு அளப்போம்மா."

"அரைப்பீகளா! என் மருமக என்ன மசாலாவா?"

டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. மறுமையில் குறை உடம்போடு எழுந்து நிற்பேனோ என்று பயந்தேன்.

அவர் என் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார்: "நீங்க பிள்ளை உண்டானப்ப, மார்பை வளரச் சொல்லி உடம்புக்குள்ள ஒரு சேதி போகும். பால் மறந்ததும், இனி வேண்டாத சதையைக் கரைக்க இன்னொண்ணு சுரக்கும். வேலை முடிஞ்சா ரெண்டும் அடங்கிரும். இந்தக் கட்டி அந்த ரெண்டையும் அடங்கவிடாம வேலை வாங்குது. தானும் வளருது, சுத்தியிருக்கிற சதையைக் கரைச்சு வழியும் பண்ணுது."

நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் நான். பூதான் பாலை வற்றவைத்தது என்று இருந்தேன். நான் அடுப்படியில் நின்ற நேரமெல்லாம் அல்லாஹ் எனக்குள்ளே கட்டச் சொல்லி, கரைக்கச் சொல்லி, போதும் என்று நிறுத்தியும் இருக்கிறான்! சுப்ஹானல்லாஹ்.

"இதைக் கொடுத்தா எனக்குக் குணமாகுமா?"

"இல்லம்மா. உங்களுக்கு ஆகாது. பின்னால வர்றவங்களுக்கு உதவலாம். அதையும் உறுதியாச் சொல்ல முடியாது."

ஒளிக்காமல் பேசினார். இத்தனை நுணுக்கமாய்ப் படைத்தவனுக்கு மறுமையில் ஒரு புளியங்கொட்டை அளவுத் துண்டைத் தேடிச் சேர்க்கத் தெரியாதா? "எடுத்துக்கங்க" என்றேன். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து, எடுத்ததில் மீதியைக் கம்பத்தில் அடக்கிவிட்டு வந்த என் வீட்டுக்காரர், "உன்னில கொஞ்சம் முன்னாடி போயிருச்சு. மிச்சம் மெதுவாப் போகட்டும், அவசரமில்ல" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்.

இதை யாரிடமாவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். துண்டைக் கொடுத்ததால்தான் பிழைத்தேன் என்று ஒரு வார்த்தை கூட்டிவிடாதீர்கள். பிழைக்க வைத்தது ஆபரேஷனும் மருந்தும் அவன் நாட்டமும். அந்தத் துண்டு எனக்குத் தந்தது, என் உடம்பை நினைத்தால் இன்றும் நெஞ்சில் எழும் மலைப்பு ஒன்றுதான்.