செர்வான் விரும்பித் தங்கவில்லை

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மதுக்கரையிலிருந்து போன் வந்தது. செர்வான் குடியிருந்த அறையின் சொந்தக்காரர் பழனிச்சாமி பேசினார். ஊரே அழைத்தபடி அவரும் செர்வானைச் சரவணன் என்றார். "ஏனுங்க மாஸ்டர், நம்ம சரவணன் எந்திரிக்கலீங்க. தட்டித் தட்டிப் பாத்துப்போட்டு கதவை ஒடைச்சுட்டமுங்க. நீங்க வந்துருங்க." எந்திரிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ் ஏறி, காந்திபுரத்தில் மாறி, நான் போய்ச் சேர்ந்தபோது போலீஸ்காரர் ஒருவர் வாசலில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். வயது முப்பத்தாறு. இறந்தவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று போலீஸ்காரர் கேட்டார். "கோச்" என்றேன். கோச் என்று எழுதிய ஒரு காகிதம் எனக்கு எந்தக் காலத்திலும் யாரும் கொடுத்ததில்லை.

உடலை அவருடைய தாயிடம் அனுப்ப முடியவில்லை. பாஸ்போர்ட் காலாவதியாகி நான்கு வருடம் ஆகிவிட்டது. எந்த நாட்டு அலுவலகத்தில் போய் என்ன கேட்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இங்கேயே அடக்கம் செய்தோம்.

மறுவாரம் மைதானத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. நீங்களும் வந்திருந்தீர்கள். பேனரில் "நம்ம சரவணன்" என்று போட்டிருந்தது. எங்கள் கால்பந்து கிளப் இருந்த காலத்தில் அதன் மேலாளராக இருந்தவர் மைக் பிடித்து, "அவருக்கு இந்த ஊரு மேல அத்தனை பிரியமுங்க. அவரா விரும்பித்தான் இங்கயே தங்கிட்டாருங்க" என்றார். உங்களில் பலர் தலையாட்டினீர்கள். பேசுபவர்கள் பட்டியல் நிறைந்துவிட்டது என்று எனக்கு மைக் தரவில்லை. ஆகவே இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். அவர் விரும்பித் தங்கவில்லை. இது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதையும் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். ஆங்கிலத்தைப் பழைய செய்தித்தாளும் அகராதியும் வைத்துக் கற்றேன். கால்பந்துப் பயிற்சியை மைதானத்தின் ஓரத்தில் நின்று கற்றேன். லைசென்ஸ் கிடையாது. அதனால் கிளப்பில் எனக்கு உதவியாளர் என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் அணியைத் தயார் செய்தது நான். இதை மறுக்கிறவர்கள் இந்த மலரிலேயே மறுத்து எழுதட்டும்.

செர்வான் வந்த முதல் நாள் பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சிரியாவின் வடகிழக்கு மூலையில் ஒரு குர்து குடும்பத்தில் பிறந்து, மூன்று நாடுகளில் காசு வாங்கி ஆடிவிட்டு வந்தவர். இடது ஓரத்து ஆட்டக்காரர். எங்கள் கோல்கீப்பர் பெயரைக் கேட்டான். "செர்வான்" என்றார். "சரவணனா? அட, நம்மூட்டு ஆளு" என்றான் அவன். "அப்பன் மருதமலைக்கு வேண்டிப் பெத்துருப்பாருடா" என்றான் இன்னொருவன். ஒன்றும் புரியாமல் அவரும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து சரவணன்தான். நான் மட்டும் கடைசி வரை செர்வான் என்றே அழைத்தேன். அவர் பாட்டி வைத்த பெயராம். மாற்ற எனக்கு என்ன உரிமை?

அவருடைய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு: அவர் வேகமானவர் இல்லை. எதிரணித் தடுப்பாளன் முன்னால் பந்தை வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். அவன் என்ன செய்வது என்று தெரியாமல் பந்தைப் பார்ப்பான். பார்த்த அந்தக் கணத்தில் கடந்திருப்பார். "அவன் என்னைப் பாக்கற வரைக்கும் நான் போக மாட்டேனுங்க மாஸ்டர். பந்தைப் பாத்தா, அப்பப் போயிருவேன்" என்பார். கொங்குத் தமிழை அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டார். வந்த எட்டாவது மாதம் டீக்கடையில் சக்கரை கம்மி என்று சண்டை போடும் அளவுக்கு.

அதில் ஒரு சொல் நான் கற்றுக்கொடுத்தது. ஒரு சாயங்காலம் பயிற்சி முடிந்து பையை மாட்டிக்கொண்டு, "மாஸ்டர், போறேன்" என்றார்.

"கண்ணு, போறேன்னு சொல்லக்கூடாது. வாரேன்னு சொல்லோணும்."

"நான் வரலீங்களே. போறேனே."

"போறதுக்குத்தான் அப்படிச் சொல்றது. போறேன்னு சொன்னா திரும்பி வராதவன் சொல்ற மாதிரி."

வாரேன், வாரேன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவர்கள் மொழியிலும் அப்படி ஏதோ உண்டு போல. அன்றிலிருந்து கண்டக்டரிடம், டீக்கடையில், நடுவரிடம், விலகும்போதெல்லாம் "வாரேனுங்க" என்பார். இரண்டு கையையும் கூப்பி, சற்றுக் குனிந்து.

ஒரு வருட ஒப்பந்தம் முடிகிற சமயத்தில் அவருக்கு ஈராக்கின் குர்து பகுதியிலிருந்து ஒரு கிளப்பின் அழைப்பு வந்தது. அவருடைய தாயும் தங்கையும் சண்டைக்குப் பிறகு அகதிகளாகப் போய்த் தங்கியிருந்த ஊர் அதற்குப் பக்கம். தாயைப் பார்த்து ஆறு வருடம் ஆகிவிட்டது அவருக்கு. என்னிடம்தான் முதலில் சொன்னார். அலுவலகத்தில் விடைபெறுவதற்குத் தமிழிலேயே பேச வேண்டும் என்று ஆசைப்பட்டார். அன்று காலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விடைபெறும் மூன்று வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தோம். நான்தான் திருத்திக் கொடுத்தேன்.

அலுவலகத்தில் மேலாளர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். எல்லா ஆட்டக்காரர்களுக்கும் அடுத்த பருவத்துக்கான தாள்கள் மேசையில் அடுக்கியிருந்தன. "அப்பறமுங்க சரவணா, அடுத்த சீசனுக்கு வாரீங்கதானே?" என்றார்.

செர்வான் கேள்வியைக் கவனிக்கவில்லை. மனப்பாடம் செய்ததைச் சொல்லும் அவசரத்தில் இருந்தார். கை கூப்பினார். "ரொம்ப நன்றிங்க. எல்லாரும் என்னை நல்லாப் பாத்துக்கிட்டீங்க. வாரேனுங்க."

"அடடா. எங்கூட்டுப் பையனாட்டப் பேசறாரு பாருங்க" என்று மேலாளர் சிரித்துக்கொண்டே ஒரு தாளை எடுத்து நீட்டினார். இரண்டு வருட நீட்டிப்பு. ஆங்கிலத்தில் இருந்தது. செர்வானுக்கு ஆங்கிலம் பேச வரும், வாசிக்கத் திணறுவார். கணக்கு முடித்து அனுப்பும் காகிதம் என்று நினைத்திருக்கிறார். பேனாவை வாங்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாஸ்டர், சரிங்களா?"

மேலாளர் என்ன புரிந்துகொண்டார் என்பது எனக்குத் தெரியும். செர்வான் என்ன சொன்னார் என்பதும் தெரியும். அந்தத் தாளின் தலைப்பும் நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. இடது ஓரத்தில் அவர் இல்லாமல் என் அணி என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு பருவம் இருந்தால் என்னைத் தலைமைப் பயிற்சியாளராக்காமல் அவர்களால் தப்ப முடியாது என்று நினைத்தேன்.

"சரி கண்ணு. போடு" என்றேன்.

நான்காம் நாள் அந்த வெளிநாட்டு கிளப் விடுவிப்புக் கடிதம் கேட்டது. எங்கள் கிளப் மறுத்தது. செர்வான் மைதானத்துக்கு வந்து, பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த என் எதிரில் நின்றார். "மாஸ்டர், நான் வாரேன்னுதானே சொன்னேன்?" அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை என்றுதான் அன்று நினைத்தேன். தான் உச்சரித்ததில் ஏதோ பிழை என்று நினைக்கிறார் என்று பட்டது. "நீ சரியாத்தான் சொன்னே. அவங்க தப்பா எடுத்துக்கிட்டாங்க" என்றேன். மேலாளரிடம் போய்ப் பேசினேன். "கையெழுத்துப் போட்டாச்சுங்களே மாஸ்டர். பக்கத்துல நீங்கதானே நின்னீங்க" என்றார்.

பிறகு நடந்ததில் என் பங்கு இல்லை. அதைக் கிளப்காரர்கள்தான் சுமக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கொண்டுவந்து தலைமைப் பயிற்சியாளராக்கினார்கள். அவர் செர்வானைப் பின்வரிசைக்குத் தள்ளினார். பிறகு பெஞ்சில் உட்கார வைத்தார். இரண்டாம் வருடம் நடுவிலேயே கிளப்பை மூடினார்கள். மூடியவர்கள் ஆட்டக்காரர்களை விடுவித்துக் கடிதம் கொடுக்கவில்லை. கேட்டால் கிளப்பே இல்லை, யார் கையெழுத்துப் போடுவது என்றார்கள். இல்லாத ஒரு கிளப்பின் ஆட்டக்காரராக அவர் பதிவேட்டில் நின்றார். வேறு எங்கும் சேர முடியவில்லை. ஒரு கிளப் அழைக்காமல் தாய் இருந்த ஊருக்குப் போகவும் அனுமதி கிடைக்கவில்லை. இங்கே விசா முடிந்தது. பாஸ்போர்ட் முடிந்தது. போகவும் முடியாது, இருக்கவும் கூடாது.

நான் கால்பந்துச் சங்கத்துக்கு ஏழு கடிதம் எழுதினேன். நகல்கள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். நல்ல ஆங்கிலம்தான். ஒரு வரியைத் தவிர எல்லாம் இருக்கும். அவர் விடைபெறத்தான் வந்தார், அது எனக்கு முன்பே தெரியும், தெரிந்துதான் போடச் சொன்னேன் என்ற வரி. அதை எழுதியிருந்தால் அந்த ஒப்பந்தமே நிற்காது என்று பின்னால் ஒரு வக்கீல் சொன்னார். எழுதினால் என்னை எந்த மைதானத்திலும் விட மாட்டார்கள் என்று அப்போது நினைத்தேன்.

வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் செவன்ஸ் ஆடப் போனார். அணிக்கு ஏழு பேர், அறுவடை முடிந்த வயல், பார்ப்பவர்கள் உட்கார மூங்கிலில் கட்டிய கேலரி. மைக்காரர் "சிரியன் சரவணன்" என்று கத்துவாராம். ஒருமுறை நானும் போய்ப் பார்த்தேன். ஆட்டம் முடிந்து முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு, "அகலம் பத்தலீங்க மாஸ்டர். ரெண்டு எட்டு வெச்சா கோடு வந்துருது. திரும்பினா அந்தப் பக்கத்துக் கோடு" என்றார். வேறு எதைப் பற்றியும் அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் அவரும் பையன்கள் ஆடுவதற்காக மைதானத்தில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். நிமிராமலே சொன்னார்.

"அன்னைக்கு ஆபீசுல உங்க மூஞ்சியப் பாத்தேனுங்க மாஸ்டர். நீங்க அந்தக் காயிதத்தைப் படிச்சுட்டீங்க."

"ஆமா" என்றேன்.

"தடுப்பாளன் எங்க பாக்கறான்னு பாக்கறதுதானுங்க என்னோட தொழில். உங்களைப் பாக்காமப் போவேனா?"

"எப்பத் தெரிஞ்சுது?"

"ஊட்டுக்குப் போயி யோசிச்சேன். அன்னைக்கேதானுங்க."

அப்படியானால் மைதானத்தில் வந்து நின்று கேட்டாரே, அது உச்சரிப்பைப் பற்றிய கேள்வி இல்லை. உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். ஆறு வருடம் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"மன்னிச்சுரு கண்ணு" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் அதிகம் வந்ததில்லை.

"முடியலீங்க மாஸ்டர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. முழங்கால் மடக்க முடியவில்லை என்பதுபோலச் சொன்னார். "எங்கம்மா டெய்லியும் எப்ப வர்றேன்னு கேக்குது. அதைக் கேட்டுப்போட்டு எப்படிங்க மன்னிக்கறது?" பிறகு கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். மிச்சக் கோட்டையும் போட்டு முடித்தோம். அடுத்த ஞாயிறும் வந்தார். அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவருடைய தங்கை போனில் பேசினார். ஆங்கிலத்தில், மெதுவாக. அம்மா பக்கத்தில் இருக்கிறார், ஒன்றே ஒன்று கேட்கச் சொல்கிறார் என்றார். "அவன் வர விரும்பினானா, இல்லை எங்களை மறந்துவிட்டானா?" நான் இங்கே எழுதியதை அங்கே சொன்னேன். எழுதியதைவிடச் சுருக்கமாக. தங்கை அதைத் தாய்க்குத் தங்கள் மொழியில் சொல்வது கேட்டது. நடுவில் செர்வான் என்ற பெயர் இரண்டு தடவை வந்தது. பிறகு அந்த அம்மாளின் குரல், அழுகை இல்லை, ஏதோ ஒரு வாக்கியம். தங்கை அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. போன் வைக்கப்பட்டது.

அவருடைய பூட்ஸ், சட்டை, கோப்பைகளை எல்லாம் நீங்கள் பகிர்ந்துகொள்ளுங்கள். எனக்கு வேண்டாம். என்னை மன்னிக்க முடியவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். சொல்லிவிட்டு, கயிற்றை இழுத்துப் பிடித்தார். அந்த மன்னிக்காததை நான் வைத்துக்கொள்கிறேன். அது எனக்கு மட்டும் கொடுத்தது.