ஆறு பேருக்கு ஒரு சஹன், நடுக்கடலில்

போன கிழமை பல் வலி தாங்காமல் கல்முனையில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். வாசலில் நின்ற பிள்ளை என் கையில் சனிடைசரைப் பீச்சினாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், முதுகு தானாக நிமிர்ந்து, வாய் தானாகச் சிரித்து, "குட் ஈவினிங் மேடம், என்ஜோய் யுவர் டினர்" என்று சொல்லிவிட்டேன். நேரமோ காலை பத்து மணி. கன்னமோ ஒரு பக்கம் பணிஸ் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. அந்தப் பிள்ளை ஓரடி பின்னுக்குப் போய், "அங்கிள், நீங்க பல்லுக் காட்டத்தானே வந்த?" என்று கேட்டாள்.

ஓம், பல்லுக் காட்டத்தான் போனேன். ஆனால் பல்லைக் காட்டியே சம்பளம் எடுத்த காலம் ஒன்று எனக்கு இருந்தது. கொரோனாவுக்கெல்லாம் வெகு முன்னமே, உல்லாசக் கப்பல்களில் சாப்பாட்டு மண்டப வாசல் தோறும் இந்தத் திரவத்தோடு ஒருவன் நிற்பான். ஒரு பயணிக்கு வயிற்றோட்டம் என்றால் நாளைக்குப் பாதிக் கப்பலுக்கு வயிற்றோட்டம். அந்தச் செய்தி வெளியில் போனால் போட்டிக் கப்பலுக்கு அன்றைக்குத்தான் பெருநாள். ஆகவே சிரி, பீச்சு, சிரி, பீச்சு. என் முதல் உத்தியோகம் அதுதான். ஊரில் உம்மாவிடம் ஆட்கள் கேட்டால், "மகன் கப்பல்ல ஒபிசர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாவாம்.

அந்த வியாபாரம் ஒரு விசித்திரமான வியாபாரம். கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள். டிக்கெட் மலிவு. ஆனால் நடுவழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்பாட்டுவான், அங்கே ஒரு தேத்தண்ணிக்கு விலையைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து ஏறுவோம். உல்லாசக் கப்பல்காரன் என்பவன் அந்த பஸ்ஸுக்கும் அந்தக் கடைக்கும் ஒரே முதலாளி. டிக்கெட் காசு கட்டிலுக்கும் எண்ணெய்க்குமே சரியாகப் போய்விடும். லாபமெல்லாம் ஏறிய பிறகுதான். குடிவகை, போட்டோ, மசாஜ், கரையில் இறக்கிச் சுற்றிக் காட்டுவது எல்லாவற்றுக்கும் தனிக் காசு. சாப்பாடு இலவசம் என்று சொல்லிவிட்டு, மேல் தட்டில் காசுக்கு இன்னொரு சாப்பாட்டுக் கடையும் வைத்திருப்பான். நான் பீச்சுகிற வேலையிலிருந்து உயர்ந்து போய்ச் சேர்ந்தது அந்தக் காசுக் கடையில்.

கடை என்றால் கடை, மாஷா அல்லாஹ். வெள்ளை விரிப்பு, வெள்ளிக் கரண்டி, மூன்று பக்கமும் கடல். ஆள்தான் இல்லை. கீழே மலை மலையாகச் சாப்பாடு சும்மா கிடக்க எவன் மேலே ஏறிக் காசு கொடுப்பான்? போதாக்குறைக்கு, துறைமுகத்துக்குத் துறைமுகம் எங்களுக்குப் பக்கத்திலேயே போட்டிக் கொம்பனியின் புதுக் கப்பல் வந்து கட்டும். அது எங்களைவிட எத்தனையோ மாடி உயரம். தலை அதிகம் என்பதால் ஒரு தலைக்கு விழுகிற செலவு அவனுக்குக் குறைவு. டிக்கெட்டை இன்னும் வெட்டிக் கொடுப்பான். அதன் நிழலில் எங்கள் கப்பல் தோணி மாதிரி நிற்கும். கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: இந்த சீசனுக்குள் மேல்கடை நிரம்பாவிட்டால் மூடுவது, வேலையாட்களுக்கு மறு ஒப்பந்தம் இல்லை.

எனக்கு ஊரில் பாதியில் நின்ற வீடுதான் கண்ணுக்குள் வந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ தெரியாது: கலியாணத்துக்குப் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு வேணும், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில்தான் ஏறுவார். வாப்பா மவுத்தாகிப் போனதால் தங்கச்சியின் வீடு என் தலையில். சுவர் எழும்பிவிட்டது, ஓடு ஏறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள், வாயைத் திறந்து கேட்கமாட்டார்கள். அந்தப் பக்கமாகச் சைக்கிளில் போகும்போது தலையை நிமிர்த்தி மேலே மட்டும் பார்த்துவிட்டுப் போவார்களாம்.

மேல்கடைக்கு மனேஜர் பெட்ரோ, போர்த்துக்கல்காரர், நல்ல மனுசன். சமையலில் என் கூட்டாளி இஸ்ஸத், நிந்தவூரான். நாங்கள் இரண்டு பேரும் கதைக்கும்போது இடையில் கதிரை, மேசை, அலுமாரி என்று விழுவதைக் கேட்டு, அதெல்லாம் போர்த்துக்கீசச் சொல் என்று பெட்ரோ ஒருநாள் துள்ளினார். "ஒங்கட ஆக்கள் எங்கட கறுவாப்பட்டய அள்ளிட்டுப் போனத்துக்கு, நாங்க ஒரு கதிரயத்தானே எடுத்த" என்றான் இஸ்ஸத். அதை இங்கிலீசில் சொல்லிக் கொடுக்க நான் பட்ட பாடு!

அப்போதுதான் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. கப்பலில் பெருநாள் என்றால் வேறொன்றுமில்லை, வேலைதான். இஸ்ஸத் மட்டும் சும்மா இருக்கவில்லை. பெட்ரோவிடம் கெஞ்சி, முஸ்லிம் வேலையாட்களுக்கென்று நெய்ச்சோறும் இறைச்சியும் கத்தரிக்காய்ப் பச்சடியும் ஆக்கியிருந்தான். ஏலக்காயும் நெய்யும் மணக்க, நான் பின்னேரத்தில் மேல்கடைக்குள் நுழைகிறேன். அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஆறே ஆறு பேர். ஒரு மூலையில் வயசான புருசன் பெண்சாதி, இன்னொரு மூலையில் இரண்டு டீச்சர்மார், தூணுக்குப் பின்னால் ஒரு கிழவர், கண்ணாடி ஓரம் ஒரு விதவை அம்மா. ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு மென்றுகொண்டிருக்கிறார்கள்.

பெருநாளும் அதுவுமாக இப்படியா சாப்பிடுவது? ஊரில் கலியாணத்திலோ கந்தூரியிலோ ஒரு பெரிய தாம்பாளத்தைச் சுற்றி ஆறு பேர் இருப்போம், அதுதான் சஹன். ஒராள் குறைந்தால் றோட்டில் போகிறவரையாவது கையைப் பிடித்து இழுத்து வந்து இருத்துவோம், தெரிந்த ஆளா தெரியாத ஆளா என்று பார்ப்பதில்லை. என் கண்ணுக்கு அங்கே ஆறு பயணிகள் தெரியவில்லை, சிதறிக் கிடந்த ஒரு சஹன்தான் தெரிந்தது. போய் ஒவ்வொருவரையும் எழுப்பினேன். இன்றைக்கு எங்களுடைய பெருநாள், வாருங்கள் என்று எல்லோரையும் ஒரே வட்டத்தில் இருத்தி, செம்பால் கைக்குத் தண்ணீர் ஊற்றி, இஸ்ஸத்தின் தாம்பாளத்தை நடுவில் வைத்தேன்.

பெட்ரோ உள்ளே வந்தபோது ஆறு பேரும் கையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் ரத்தமில்லை மனுசனுக்கு. வாசலுக்கு வாசல் கை கழுவ வைக்கிற கப்பலில், ஒருவரையொருவர் தெரியாத ஆறு பேரின் கைகள் ஒரே தட்டில்! எங்களுக்குள் ஒரு மரியாதை இருக்கிறது, அவரவர் தன் முன்னால் உள்ளதைத்தான் எடுப்பார், கை குறுக்கே போகாது என்று நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள், கிழவர் கையை நீட்டி விதவை அம்மாவின் பக்கத்து இறைச்சித் துண்டை எடுத்துவிட்டார். அந்த அம்மா அவர் கையில் ஓர் அடி போட்டார். அதற்குப் பிறகு அந்த மேசை சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"முடிஞ்சிது மச்சான்" என்றேன் இஸ்ஸத்திடம். "எண்ட தங்கச்சிட வீட்டுக்கு இனி ஓடில்ல, கிடுகுதான்."

"பேசாம இரிடா" என்றான். "சட்டியப் பாரு, ஒரு பருக்க மிச்சமில்ல. தின்டவன் எவனாவது கோள் சொல்லுவானா?"

கோள் சொல்லவில்லை, கப்பல் முழுக்கப் பெருமை சொல்லிவிட்டார்கள். விடிந்ததும் ஆட்கள் வந்து அந்த ஆறு பேர் தட்டு எங்கே என்று கேட்கத் தொடங்க, ஹோட்டல் பகுதிக்குப் பெரியவரான வெள்ளைக்கார அம்மா என்னைக் கூப்பிட்டார். நான் மனதுக்குள் பெட்டியே கட்டிவிட்டேன். அவர் கேட்டதோ ஒன்றே ஒன்று: இதற்கு என்ன விலை வைக்கலாம்? ஆறு பேருக்கு ஒரே மேசை, ஒரே பரிமாறல் என்பது லாபத்தின் சின்னப் பகுதிதானாம். தனியாக வந்தவர் சாப்பிட்டதும் படுக்கப் போய்விடுவார். சிநேகிதம் பிடித்தவர்கள் சேர்ந்து போட்டோ எடுப்பார்கள், சேர்ந்து கரையிறங்கிச் சுற்றுவார்கள், எல்லாம் கப்பலுக்குக் காசு. எங்கள் ஊரில் பசிக்கு இருத்திய சஹனில் அவர் வியாபாரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஆளுக்கொரு கரண்டி மட்டும் கட்டாயம் என்றார். அதற்கு இஸ்ஸத் மூன்று நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

மேல்கடை நிரம்பியது. இடம் கிடைக்க முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியதாயிற்று. கொஞ்ச நாளில் பக்கத்து ராட்சசக் கப்பலிலும் அதே தாம்பாளம், பேர் மட்டும் 'சுல்தான் விருந்து', விலையும் எங்களைவிடக் குறைவு. "களவெடுத்திட்டானுகள்டா நம்மட சஹன!" என்று இஸ்ஸத் அகப்பையோடு மேல்தட்டுக்கு ஓடி, அந்தக் கப்பலைப் பார்த்து நல்ல நிந்தவூர்த் தமிழில் ஏசினான். மறுநாளே எங்கள் சஹனுக்குக் கடைசி இனிப்பாக வட்டிலாப்பம் இலவசமாகச் சேர்ந்தது. சுல்தானுக்கு வட்டிலாப்பம் தெரியாது. அந்த சீசனில் நாங்கள்தான் வென்றோம்.

மறு ஒப்பந்தம் கையில் கிடைத்தது. ஓடு ஏறியது, கலியாணமும் நடந்தது. அன்றைக்கு ஊரில் நின்று, மாப்பிள்ளையின் சஹனுக்கு நானே இறைச்சி வைத்தேன். சந்தோசத்தில் அழுதேன் என்றால் நம்புவீர்களோ என்னவோ, அழுதேன்.

எங்கள் கப்பலால் கடைசிவரைக்கும் அந்தப் பெரிய கப்பல்களோடு விலையில் மல்லுக்கட்ட முடியவில்லை. கொரோனாவில் எல்லாம் படுத்தபோது முதலில் விற்றுத் தள்ளியது எங்களுடையதைப் போன்ற சின்னக் கப்பல்களைத்தான். போன மாதம் இஸ்ஸத் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினான். எங்கள் கப்பலை எங்கோ ஒரு கரையில் ஏற்றி, இரும்புக்கு வெட்டுகிறார்கள். முன்பாதி ஏற்கனவே போய்விட்டது.

அதைத் தங்கச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்துக்கொண்டிருந்தவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"ஏன் புள்ள அழுறாய்? நீ அத ஒருநாளும் கண்ணால கண்டதில்லயே" என்று சிரித்தேன்.

"காணாட்டி என்ன காக்கா? அது ஓடினதாலதானே நான் இந்த வீட்டுக்குள்ள இரிக்கன்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஒங்கட கட எந்த இடத்துல இருந்த? காட்டுங்க" என்றாள்.

போனைத் திருப்பிப் பிடித்து, விரலால் தேடினேன். மேல் தட்டு, மூன்று பக்கமும் கடல். அந்த உயரத்தில் இப்போது கப்பலே இல்லை. "இங்கதான்" என்று ஆகாயத்தைத் தொட்டுக் காட்டினேன்.